என் ஃபீஸும் அக்கா கல்யாணமும்

கல்லூரியில் சேர்ந்த முதல் மாதம் அக்கா எனக்கு மூவாயிரம் ரூபாய் அனுப்பினாள். பாதி மாதம்கூடத் தாண்டவில்லை, கணக்கில் ஐம்பது ரூபாய்க்கும் குறைவாகத்தான் இருந்தது. பணம் திருடு போகவில்லை, யாரும் என்னை ஏமாற்றவும் இல்லை. சீசன் டிக்கெட், ஜெராக்ஸ், சீனியர்கள் தலையில் கட்டிய டிபார்ட்மெண்ட் டி-ஷர்ட், பெயர்கூடச் சரியாகத் தெரியாத ஒருவனின் பிறந்தநாள் கேக்கில் என் பங்கு, தாம்பரம் ஸ்டேஷன் படிக்கட்டுக்குக் கீழே தினமும் சாப்பிட்ட பிரெட் ஆம்லெட் என்று எல்லாமே நானே போனில் ஸ்கேன் செய்து கொடுத்தவை. நோட்டாக எண்ணிக் கொடுத்தால் மனது கொஞ்சமாவது வலிக்கும். ஸ்கேன் செய்தால் ஒரு சின்னச் சத்தம் கேட்கும், அவ்வளவுதான். பி.காம். படிக்க வந்தவனின் சொந்த வரவு செலவு இந்த லட்சணத்தில் இருந்தது.

வெட்கத்தை விட்டு அக்காவுக்குப் போன் செய்தேன். அவள் திட்டவில்லை. "டி-ஷர்ட் எதுக்குடா, நீ என்ன கிரிக்கெட் டீமா?" என்று மட்டும் கேட்டாள். சாயங்காலம் இன்னும் ஐந்நூறு வந்தது. அவள் எங்கிருந்து எடுத்து அனுப்புகிறாள் என்று நான் அப்போது யோசிக்கவில்லை. கேட்டால் வரும் என்று நினைக்கிற வயது.

எங்கள் வீட்டில் சம்பாதிக்கிறவள் என்றால் அவள்தான். அப்பா மறைமலை நகரில் காருக்கு உதிரிபாகம் செய்யும் கம்பெனி ஒன்றில் வேலை செய்தார். நான் பதினொன்றாம் வகுப்பில் இருந்தபோது மாரடைப்பில் போய்விட்டார். அம்மா பக்கத்துத் தெரு நர்சரிப் பள்ளியில் ஆயா. அந்தச் சம்பளம் வாடகைக்கும் மளிகைக்கும் சரியாகப் போய்விடும். மீதி எல்லாம் அக்கா தலையில். ஓ.எம்.ஆரில் ஒரு கம்பெனியில் பில் சரிபார்க்கும் வேலை பார்த்தாள். மறைமலை நகரிலிருந்து தினமும் போய்வருவது கஷ்டம் என்று மேடவாக்கத்தில் ஒரு பெண்கள் விடுதியில், நான்கு பேர் படுக்கும் அறையில் இருந்தாள். தண்ணீர் லாரி வராத நாளில் பாட்டில் தண்ணீரில் முகம் கழுவிக்கொண்டு வேலைக்குப் போவாளாம். சனிக்கிழமை மாலை வீட்டுக்கு வருவாள். ஞாயிறு காலை எங்களோடு சர்ச்சுக்கு வந்துவிட்டு, அன்று மாலையே திரும்பிவிடுவாள்.

சர்ச்சுக்கு வர அவளுக்கு ஆண்டவரைத் தவிர இன்னொரு காரணமும் இருந்தது. பாடகர் குழுவில் கீபோர்டு வாசிக்கிறவர். அக்கா வாசலில் செருப்பைக் கழற்றும்போதே அவர் வாசிப்பில் ஒரு ஸ்வரம் தவறும். பாட்டுப்புத்தகத்தைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு பாடும் தாத்தாக்கள்வரை சபையில் எல்லோருக்கும் இது தெரியும். இரண்டு வீட்டிலும் பேசியாகிவிட்டது, நாள்தான் குறிக்கவில்லை. எனக்கு அவரைப் பிடிக்கும். நான் அண்ணா என்றுதான் கூப்பிடுவேன். அட்மிஷன் அன்று என்னைப் பைக்கில் ஏற்றிக்கொண்டு தாம்பரத்துக்கு வந்து, நான்கு மணி நேரம் வரிசையில் கூடவே நின்றவர் அவர்தான். லெமன் ஜூஸ்கூட வாங்கிக் கொடுத்தார்.

ஜூலை கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, சர்ச் முடிந்ததும் அவருடைய அம்மா எங்கள் வீட்டுக்கு வந்தார். அக்கா அன்று வேலை இருக்கிறது என்று வரவில்லை. நான் உள் அறையில் படுத்திருந்தேன். டீ குடித்துக்கொண்டே அந்த ஆன்ட்டி அம்மாவிடம் பேசியது முழுக்கக் காதில் விழுந்தது.

"உங்க பொண்ணுக்கு என்னங்க குறை, தங்கம். எனக்கு ஒரு விஷயம்தான் இடிக்குது. தம்பி இப்பதான் ஃபர்ஸ்ட் இயர். இன்னும் மூணு வருஷத்துக்கு அவன் ஃபீஸ் யாரு கட்டுவா? கல்யாணத்துக்கு அப்புறமும் அவ சம்பளம் இங்கதான் வரும்னா, எங்க வீட்ல ஒரு பேச்சு வரும்ல?"

அம்மா ஏதோ முணுமுணுத்தாள்.

"பையன் கொஞ்சம் சொந்தக் கால்ல நிக்கட்டும். தை மாசிக்குள்ள பாத்துக்கலாம்" என்றார் அந்த ஆன்ட்டி. கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் எனக்கு இன்னும் கோபத்தைக் கிளப்பியது. பிஸ்கட்டைத் தொட்டுத் தின்றுகொண்டே என்னை ஒரு கடன் மாதிரிப் பேசிவிட்டு எழுந்து போனார்.

எனக்குச் சட்டென்று மூக்குக்கு மேல் கோபம் வரும். அன்றும் வந்தது. ஆனால் படுத்துக்கொண்டு யோசித்தபோது அவர் கேட்டதில் தப்பு ஒன்றும் தெரியவில்லை. அக்காவின் கல்யாணத்துக்குக் குறுக்கே நிற்பது நான்தான். நான் என்றால் நான்கூட இல்லை, ஜனவரி கடைசிக்குள் கட்டவேண்டிய இரண்டாவது செமஸ்டர் ஃபீஸ். இருபத்திரண்டாயிரம். அதை நானே கட்டிவிட்டால் அவர்கள் வாயை அடைத்துவிடலாம் என்று முடிவு செய்தேன்.

வகுப்பில் என் பக்கத்தில் உட்காருகிறவன் கேட்டரிங்குக்குப் போய்க்கொண்டிருந்தான். கல்யாண மண்டபங்களில் பரிமாறும் வேலை. வெள்ளைச் சட்டை, கறுப்பு பேண்ட் இருந்தால் போதும். ஒரு வேளைக்கு அறுநூறு ரூபாய், சாப்பாடு தனி. முதல் நாள் மாலை ரிசப்ஷன், மறுநாள் காலை முகூர்த்தம், இரண்டும் செய்தால் ஆயிரத்து இருநூறு. நான் உடனே கணக்குப் போட்டேன். வாரம் ஒரு கல்யாணம் என்றால் டிசம்பர் பாதிக்குள் ஃபீஸ் தயார். கிறிஸ்துமஸுக்கு அக்காவுக்கு ஒரு புடவை எடுக்கவும் மிஞ்சும். அவனிடம் விசாரித்த அன்று மாலையே, பையன்களை வேலைக்கு அழைத்துப் போகிற கேப்டனைச் சேலையூரில் போய்ப் பார்த்தேன். இந்த ஞாயிறே வருகிறேன் என்றேன்.

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "இன்னாபா, ஆடி மாசத்துல எவன் கல்யாணம் வச்சிகினு கீறான்? நீ எந்த ஊரு?"

"மறைமலை நகர்ணா."

"அங்கெல்லாம் ஆடி வராதா?"

"நாங்க கிறிஸ்டியன்ணா."

"அத்த மொதல்ல சொல்லு. ஒரு காலண்டர் வாங்கி வூட்ல மாட்டு. ஆடி கெடையாது, பொரட்டாசி பாதி கெடையாது, மார்கழி சுத்தமா கெடையாது. ஆவணில வா."

எங்கள் வீட்டுக் காலண்டரில் தினம் ஒரு பைபிள் வசனம் இருக்கும், முகூர்த்தம் இருக்காது. நான் போட்ட கணக்கில் பாதி அங்கேயே காற்றில் போனது. கடைக்குப் போய் ஒரு தினசரி காலண்டர் வாங்கினேன். வருடம் பாதி தீர்ந்த காலண்டரை எவன் வாங்குவான் என்று கடைக்காரருக்கு ஒரே ஆச்சரியம், பாதி விலைக்குக் கொடுத்தார். அம்மா அதை வசனக் காலண்டர் பக்கத்தில் மாட்ட விடவில்லை. சமையலறைக் கதவுக்குப் பின்னால் மாட்டினேன். வளர்பிறை முகூர்த்தம் வருகிற நாட்களைச் சிவப்புப் பேனாவால் சுழித்து வைத்தேன். மூன்று மாதத்துக்குள் சபையிலேயே நல்ல நாள் சொல்லத் தெரிந்த ஒரே ஆள் நானாகத்தான் இருந்திருப்பேன்.

வேலை ஒன்றும் பெரிய வித்தை இல்லை, முதுகுதான் போய்விடும். குனிந்துகொண்டே ஒரு வரிசை முழுக்கச் சாம்பார் ஊற்றிப் பார்த்தால் தெரியும். விரலைச் சொடுக்கிக் கூப்பிடுகிறவர்களைக் கண்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். கையில் வாளி இருந்ததால் பொறுத்துக்கொண்டேன். கூலியை ரொக்கமாகத்தான் கொடுப்பார்கள். அதை என் கணக்கில் போட்டால் பிரெட் ஆம்லெட்டாகவும் கேக்காகவும் கரைந்துவிடும் என்று எனக்கு என்னைப் பற்றித் தெரியும். அதனால் தபால் நிலையத்தில் தனியாக ஒரு சேமிப்புக் கணக்கு தொடங்கி, திங்கட்கிழமை வகுப்புக்கு முன்னால் அதில் போட்டேன். போனில் தொட்டு எடுக்க முடியாத பணம். எடுக்கவேண்டுமானால் போய் வரிசையில் நிற்கவேண்டும். பணத்தைப் பற்றி நானாகக் கற்றுக்கொண்டது என்றால் அது ஒன்றுதான்.

முகூர்த்தம் பெரும்பாலும் ஞாயிற்றுக்கிழமைகளில் வந்ததால் நான் சர்ச்சுக்குப் போவது குறைந்தது. ஐப்பசியில் எனக்கு வேலை இல்லாத ஒரு சனிக்கிழமை அக்கா கேட்டுவிட்டாள்.

"பாக்கெட் மணிக்குன்னு சொன்ன. வாரா வாரம் போற. அப்படி என்னடா செலவு உனக்கு?"

நான் சொல்லிவிட்டேன். அந்த ஆன்ட்டி பேசியது, அது என் காதில் விழுந்தது, தபால் நிலையக் கணக்கு எல்லாவற்றையும். "செகண்ட் செம் ஃபீஸ் நான் கட்டுறேன். அவங்ககிட்ட சொல்லு. தையில நாள் பாக்கச் சொல்லு" என்றேன். அக்கா சிரித்தாள். "சரிங்க பெரிய மனுஷா" என்று என் தலையில் தட்டிவிட்டு, துணி காய்ந்துவிட்டதா பார்க்கிறேன் என்று மாடிக்குப் போனாள். திரும்பி வர வெகுநேரம் ஆனது. மாதாமாதம் அனுப்புகிற மூவாயிரத்தை மட்டும் அவள் குறைக்கவில்லை. வேண்டாம் என்றாலும் கேட்கவில்லை.

கார்த்திகை முடிவதற்குள் முக்கால்வாசி சேர்ந்துவிட்டது. மார்கழியில் கல்யாணம் இல்லாததால் பொங்கல்வரை நல்ல பிள்ளையாகச் சர்ச்சுக்குப் போனேன். அண்ணா கீபோர்டு வாசித்தார். ஒரு ஸ்வரம்கூடத் தவறவில்லை. ஆள் நன்றாகத் தேறிவிட்டார் என்று நினைத்தேன். கிறிஸ்துமஸ் பாட்டுக் குழு எங்கள் வீட்டுக்கு வந்தபோது எல்லோரும் உள்ளே வந்து கேக் சாப்பிட்டார்கள், அவர் மட்டும் கேட்டுக்கு வெளியே பைக்கின்மேல் உட்கார்ந்திருந்தார். நான் ஒரு துண்டைத் தட்டில் வைத்து எடுத்துக்கொண்டு போனேன். "வேணாம்டா" என்றார். பிறகு, "காலேஜ் எப்படிப் போகுது?" என்று கேட்டார். என் முகத்தைப் பார்க்காமல்தான் கேட்டார். மாப்பிள்ளை ஆகப்போகிறவருக்கு வெட்கம் என்று நான் உள்ளே வந்து அக்காவிடம் கிண்டல் செய்தேன். அவள் தட்டுகளை அடுக்கிக்கொண்டிருந்தாள்.

தை பிறந்ததும் மண்டபங்கள் நிரம்பி வழிந்தன. வண்டலூர், மேடவாக்கம், கேளம்பாக்கம் என்று கேப்டன் சொன்ன இடத்துக்கெல்லாம், வார நாட்களில் மாலை ரிசப்ஷனுக்கும்கூட, போனேன். சனிக்கிழமை மதியம் வீட்டை விட்டுக் கிளம்பினால் ஞாயிறு மாலைதான் திரும்புவேன். வரும்போது அக்கா மேடவாக்கம் கிளம்பிப் போயிருப்பாள். இரண்டு வாரம் அவளை நான் கண்ணாலேயே பார்க்கவில்லை. ஜனவரி கடைசி வெள்ளிக்கிழமை தபால் நிலையத்தில் பணத்தை எடுத்து, அப்படியே கல்லூரி ஆபீஸில் கட்டினேன். எண்ணி வாங்கிய கிளார்க், "என்ன தம்பி, எல்லாம் ரொக்கமா இருக்கு?" என்றார். எனக்கு ஒரே பெருமை. ரசீதைப் போட்டோ எடுத்து அக்காவுக்கு அனுப்பி, 'முடிஞ்சது. இனிமே உன் வேலை' என்று எழுதினேன். மதியம் பதில் வந்தது. 'சூப்பர்டா தம்பி.'

அந்த ஞாயிறும் வேலை இருந்தது. வரவில்லை என்று கேப்டனிடம் சொல்லிவிட்டேன். எல்லோரோடும் சர்ச்சுக்குப் போகவேண்டும், அந்த ஆன்ட்டி எதிரே கெத்தாக நடக்கவேண்டும் என்று ஆசை. காலையில் நான் சட்டையை இஸ்திரி போடுவதைப் பார்த்த அக்கா, "நீ தூங்கேன்டா. மாசம் பூரா அலைஞ்சிருக்க" என்றாள். "ஆமாடா, படுத்துக்கோ" என்றாள் அம்மாவும். இதென்ன புதுசாக இருக்கிறது, சர்ச்சுக்கு வராதே என்று அம்மா சொல்கிறாளே என்று சிரித்துக்கொண்டே கிளம்பினேன்.

எங்கள் சபையில் ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம் உட்காருவார்கள். பிரசங்கத்துக்கு முன்னால் ஐயர், அதாவது பாதிரியார், அறிவிப்புகளை வாசிப்பார். யாருக்காவது கல்யாணம் என்றால் மாப்பிள்ளை, பெண் பெயர்களை மூன்று ஞாயிறு சபையில் வாசிக்கவேண்டும். ஓலை வாசிப்பது என்று பெரியவர்கள் சொல்வார்கள். இவர்கள் சேர்வதற்குத் தடை ஏதாவது இருப்பதாக யாருக்காவது தெரிந்தால் சொல்லலாம் என்று ஒவ்வொரு முறையும் கேட்பார்கள். ஈஸ்டருக்கு முன்னால் வருகிற தவக்காலம் தொடங்கிவிட்டால் எங்கள் சர்ச்சில் கல்யாணம் கிடையாது. அதனால் ஜனவரி, பிப்ரவரியில் ஓலைகள் வரிசையாக வரும். நான் காதில் வாங்காமல் உட்கார்ந்திருந்தேன்.

அண்ணாவின் பெயர் வந்தது. அவர் அப்பா பெயர், எங்கள் சபையின் பெயர். அடுத்து அக்கா பெயர் வரும் என்றுதான் ஒரு நொடி நினைத்தேன். என்னிடம் சொல்லாமல் ஆச்சரியப்படுத்தப் போகிறார்கள், அதனால்தான் தூங்கச் சொன்னார்கள் என்று அந்த ஒரு நொடிக்குள் அவ்வளவும் நினைத்து முடித்துவிட்டேன். வந்தது வேறு பெயர். கேளம்பாக்கம் பக்கத்துச் சபைப் பெண். வியாழக்கிழமை கல்யாணம். இது மூன்றாம் முறை என்று வாசித்துவிட்டு, தடை ஏதாவது உண்டா என்று ஐயர் கேட்டார்.

நான் எழுந்துவிட்டேன். முழுதாக இல்லை, முன் பெஞ்சைப் பிடித்துக்கொண்டு பாதி எழுந்தேன். என்ன சொல்லப் போகிறேன் என்று எனக்கே தெரியாது. ஃபீஸ் கட்டிவிட்டேன் ஐயா என்று சொல்வதா? எதிர்ப்பக்கத்திலிருந்து அக்கா என்னைப் பார்த்தாள். லேசாகத் தலையை ஆட்டினாள், வேண்டாம் என்று. நான் உட்கார்ந்தேன். ஐயர் அடுத்த அறிவிப்புக்குப் போனார், வாலிபர் கூட்டம் மாலை ஐந்து மணிக்கு என்றார். மனம் உடைவதெல்லாம் எங்கள் சபைச் சட்டத்தில் தடையாகச் சேராது.

அப்புறம்தான் உறைத்தது. இது மூன்றாம் முறை என்றால் முதல் முறையும் இரண்டாம் முறையும் வாசித்திருக்கிறார்கள். நான் வண்டலூரிலும் மேடவாக்கத்திலும் யாருடைய கல்யாணத்திலோ இலை எடுத்துக்கொண்டிருந்தபோது, அக்கா இதே பெஞ்சில், எல்லோரும் ஓரக்கண்ணால் பார்க்க, இதைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். பக்கத்தில் நான் இல்லை. அவள் கல்யாணத்துக்காகத்தான் போயிருந்தேன்.

வீட்டுக்கு நடந்து வரும்போது அம்மா வேகமாக முன்னால் போய்விட்டாள். நான் அக்காவிடம் கேட்டேன்.

"எப்ப முடிஞ்சது?"

"நவம்பர்ல."

"நவம்பர்லயேவா? நான் ஃபீஸ் கட்டப் போறேன்னு நீ அவங்ககிட்ட சொல்லலையா?"

"சொன்னேன்டா. சந்தோஷம்னாங்க. அந்தப் பொண்ணு டீச்சர், கவர்மெண்ட் ஸ்கூல். ஒரே பொண்ணு."

"அவரு என்ன சொன்னாரு?"

"அம்மா பேச்சைத் தாண்ட முடியலன்னாரு." பையைத் தோள் மாற்றிப் போட்டுக்கொண்டாள். "அழுதாருடா. பாவம்."

எனக்கு அவர்மேல் அப்போது இரக்கமே வரவில்லை, இப்போதும் இல்லை. "எங்கிட்ட ஏன் சொல்லல?" என்று தெருவிலேயே கத்தினேன்.

"சொன்னா நீ என்ன பண்ணியிருப்ப? என்னாலதான்னு சொல்லிக் காலேஜை விட்டிருப்ப. உன் கோபம் எனக்குத் தெரியாதா? முக்கால்வாசி சேத்துட்ட. அதையும் கெடுக்கச் சொல்றியா?"

"என்னாலதானே?"

"இல்லடா. ஃபீஸ் ஒரு சாக்கு. ஃபீஸ் இல்லன்னா வேற ஒண்ணு சொல்லியிருப்பாங்க."

அது உண்மையா, எனக்காகச் சொன்னதா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. அவளிடம் மறுபடி கேட்க எனக்குத் தைரியம் வந்ததில்லை. உண்மை என்றால் நான் தூக்கிய வாளிகளுக்கு எந்த அர்த்தமும் இல்லை. பொய் என்றால் அதைத் தாங்க என்னால் முடியாது.

கல்யாணத்துக்கு நம் வீட்டிலிருந்து யாரும் போகவேண்டாம் என்று அம்மா சொன்னாள். அப்பா இறந்தபோது மூன்று நாள் அந்த வீட்டிலிருந்துதான் சாப்பாடு வந்தது, போகாமல் இருந்தால் அதற்கும் சேர்த்துப் பேசுவார்கள் என்றாள் அக்கா. நான் போகிறேன் என்றேன். "உனக்கு வியாழக்கிழமை இன்டர்னல் டெஸ்ட். நான் லீவு போட்டாச்சு" என்றாள். எப்போது போட்டாய் என்று நான் கேட்கவில்லை. மொய்க் கவரில் ஐந்நூற்று ஒன்று வைத்தாள். அவள் கையெழுத்திலேயே எங்கள் மூன்று பேர் பெயரையும் எழுதினாள்.

அந்த டெஸ்டில் நான் என்ன எழுதினேன் என்று எனக்குத் தெரியாது. பாதியில் பேப்பரைக் கொடுத்துவிட்டு ரயில் பிடித்து வீட்டுக்கு வந்தேன். பந்தியில் தனியாக உட்காருகிறவர்கள் எப்படிச் சாப்பிடுவார்கள் என்று வாரா வாரம் பார்த்தவன் நான். குனிந்த தலை நிமிராமல் சீக்கிரம் சாப்பிட்டுவிட்டு, மறுசோறு கேட்காமல் எழுந்துவிடுவார்கள். ரயிலில் அதைத் தவிர வேறு எதையும் நினைக்க முடியவில்லை.

நான் வந்த கொஞ்ச நேரத்தில் அவளும் வந்தாள். அரக்குப் பட்டுப்புடவை, தலையில் பூ. செருப்பைக் கழற்றினாள், ஃபேனைப் போட்டாள், நாற்காலியில் உட்கார்ந்தாள். அம்மாவுக்கு என்ன கேட்பது என்று தெரியவில்லை. "பிரியாணி நல்லா இருந்ததா?" என்று கேட்டாள்.

"நல்லா இருந்துச்சும்மா" என்றாள் அக்கா.

நான்தான் அழுதேன். வாயைப் பொத்திக்கொண்டும் நிற்கவில்லை. அவள் கண்ணில் ஒரு சொட்டு இல்லை. எழுந்து வந்து என் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, பட்டுப்புடவைத் தலைப்பாலேயே என் முகத்தைத் துடைத்தாள். கொஞ்ச நேரம் முதுகைத் தடவிக்கொண்டிருந்தாள். பிறகு, அடுத்த செமஸ்டர் ஃபீஸ் எப்போது கட்டவேண்டும் என்று கேட்டாள்.